பிளாக்செயினில் போட்ட கையெழுத்து கோர்ட்டில் நிற்குமா?

சுந்தரர் கல்யாணம் நின்றுபோன கதை நம்மில் பலருக்குத் தெரியும். புத்தூரில் மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, “இந்தப் பையன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது” என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குக் கொண்டுபோகிறார். மூல ஓலையைப் பார்த்ததும் சபையார் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. பாட்டன் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சுந்தரர் தோற்றார் என்கிறார்கள்.

ஓலை அழியாமல் இருந்தது ஒரு விஷயம். அதை எழுதியது பாட்டன்தானா என்பது வேறு விஷயம். பலரிடம் ஒரே நேரத்தில் இருக்கிற கணினிப் பேரேடான பிளாக்செயினில் போடும் ஒப்பந்தங்களைப் பற்றி நடக்கும் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. “பிளாக்செயினில் ஏறிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது, அதனால் கோர்ட்டில் கண்டிப்பாகச் செல்லும்” என்கிறார் ஒருவர். “கிரிப்டோவே இங்கே சட்டப்படி பணம் இல்லை, அப்புறம் அதில் போட்ட கையெழுத்து எப்படிச் செல்லும்?” என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தவறு.

இது வெறும் பேச்சோடு போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டிசைன், கோடிங் வேலை செய்து கொடுக்கிறார்கள். சில இடங்களில் பேப்பரே கிடையாது. கிரிப்டோ வாலட் என்ற செயலியைத் திறந்து ‘சைன்’ பட்டனை அழுத்தினால் ஒப்பந்தம் முடிந்தது. பணம் ஒழுங்காக வரும்வரை யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழாது. பணம் நின்ற அன்றுதான், தான் என்ன கையெழுத்துப் போட்டோம், அது எங்கே செல்லும் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதை இந்தியச் சட்டத்தை வைத்து இங்கே சொல்கிறேன்.

ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தே வேண்டுமா?

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசுகிறீர்கள். “பெயிண்ட் உங்களுடையது, கூலி மட்டும் பதினெட்டாயிரம், பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன்” என்கிறார். நீங்கள் சரி என்கிறீர்கள். அவ்வளவுதான், ஒப்பந்தம் ஆகிவிட்டது. அவர் பாதியில் விட்டுப் போனாலும், நீங்கள் கூலி கொடுக்காவிட்டாலும் மற்றவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கேட்பது இவைதான்: இரு தரப்பும் மனமொப்பிச் சம்மதித்திருக்க வேண்டும், இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களாக, அதாவது 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலை உள்ளவர்களாக இருக்க வேண்டும், கொடுக்கல் வாங்கலில் இரு பக்கமும் ஏதாவது இருக்க வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கையெழுத்து இந்த வரிசையில் இல்லை. சில வகை ஒப்பந்தங்களுக்கு மட்டும் வேறு சட்டங்கள் எழுத்தையும் கையெழுத்தையும் கட்டாயமாக்குகின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் நாம் ஏன் கையெழுத்து வாங்குகிறோம்? நாளைக்கு “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று ஒருவர் மறுத்தால் காட்டுவதற்கு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்து என்பது சான்று, அவ்வளவுதான். ஒப்பந்தத்தின் உயிர் சம்மதத்தில் இருக்கிறது.

இது கணினிக்கும் பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. அதன் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 10ஏ என்ற ஒன்றைச் சேர்த்தது. மின்னணு வழியில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்பது அதன் சாரம். 2010இல் ட்ரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்கில், பாக்சைட் சரக்கு வாங்குவது பற்றி மின்னஞ்சலில் மட்டும் பேசி முடித்ததையே ஒப்பந்தம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. முறையான பத்திரம் பின்னால் எழுதப்படவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது என்றது. 2014இல் தமிழ்நாடு ஆர்கானிக் நிறுவனம் ஸ்டேட் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆன்லைன் ஏலத்தின் வழியாக உருவான பொறுப்புகளும் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இதே பிரிவை வைத்துச் சொன்னது.

ஆக, இதுவரை பார்த்ததில் இருந்து ஒன்று தெளிவு. பிளாக்செயினில் இருக்கிறது என்பதற்காக ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது. அதே காரணத்துக்காகத் தனிச்சிறப்பாகச் செல்லவும் செல்லாது. அது மின்னணு வழியில் நடந்த இன்னொரு ஒப்பந்தம்.

கணினிக் கையெழுத்து எப்படி வேலை செய்கிறது?

பேப்பரில் போட்ட கையெழுத்தைப் போனில் படமெடுத்து பிடிஎஃப் கோப்பில் ஒட்டுவதையும் மின்கையெழுத்து என்கிறோம். இணையத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதையும் அப்படியே சொல்கிறோம். சம்மதத்தைக் காட்ட இவையும் உதவும். ஆனால் ஒட்டிய படத்தை யாரும் வெட்டி வேறு கோப்பில் ஒட்டிவிடலாம். நாம் பேசப்போவது கணக்கால் பூட்டப்பட்ட கையெழுத்தைப் பற்றி. அதற்கு இரண்டு கருவிகள் தெரிந்தால் போதும்.

முதலாவது ஹாஷ். ஒரு கோப்பை ஒரு குறிப்பிட்ட கணக்குக்குள் செலுத்தினால் வெளியே வரும், மாறாத நீளமுள்ள எண்-எழுத்து வரிசைதான் ஹாஷ். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கடிதமானாலும் ஆயிரம் பக்கப் புத்தகமானாலும் ‘ஷா-256’ என்ற முறையில் 64 எழுத்துகளே வரும். ஒப்பந்தத்தில் 50,000 என்பதில் ஒரு சுழியத்தைக் கூட்டினால், முழு வரிசையும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கைரேகையை வைத்துக்கொண்டு ஆளை உருவாக்க முடியாதது போல, ஹாஷிலிருந்து கோப்பைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இரண்டாவது சாவி ஜோடி. ஒன்று தனிச்சாவி, உங்களிடம் மட்டும் இருப்பது. மற்றது பொதுச்சாவி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தனிச்சாவியால் போட்ட கையெழுத்தைப் பொதுச்சாவியால் சரிபார்க்கலாம். பொதுச்சாவியை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது.

பழைய காலத்து முத்திரை மோதிரம் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் ஒரு வித்தியாசம். சாதாரண மோதிரம் எல்லா ஓலையிலும் ஒரே பதிவைத்தான் பதிக்கும். இந்த மோதிரம், பதிக்கப்படும் ஓலையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு பதிவைப் பதிக்கும். அதனால் ஒரு ஓலையில் இருந்து முத்திரையைப் பெயர்த்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. ஒட்டினால் பொருந்தாது. கணினி செய்வதும் அதுதான்: கோப்பின் ஹாஷை எடுத்து, அதைத் தனிச்சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, வரும் விடையைக் கையெழுத்தாக வைக்கிறது.

சாவி யாருடையது என்று யார் சொல்வது?

மேலே சொன்ன கணக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லும்: “இந்தப் பொதுச்சாவிக்கு ஜோடியான தனிச்சாவிதான் இந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டது, அதன் பிறகு கோப்பு மாறவில்லை.” அந்தத் தனிச்சாவி கந்தசாமியின் கையில் இருந்ததா, கந்தசாமியின் மச்சான் கையில் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அது எண்களைப் பார்க்கிறது, ஆட்களைப் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் சட்டம் ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. சான்றளிக்கும் அமைப்புகள் என்று சில நிறுவனங்களுக்கு மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி உரிமம் கொடுக்கிறார். அவை உங்கள் பான், ஆதார், முகம் எல்லாவற்றையும் சரிபார்த்து, “இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது” என்று ஒரு சான்றிதழ் தருகின்றன. ஆடிட்டர் ஆபீஸில் பென்டிரைவ் மாதிரி ஒன்றைச் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள், டிஎஸ்சி என்பார்கள். அதற்குள் இருப்பது உங்கள் தனிச்சாவியும் இந்தச் சான்றிதழும். 2015 முதல் இன்னொரு வழியும் உண்டு. ஆதார் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால், அந்த ஒரு கையெழுத்துக்காகவே ஒரு சாவி ஜோடியும் சான்றிதழும் உருவாகின்றன. இதற்கு இ-சைன் என்று பெயர்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தன் டிஎஸ்சியைப் பாஸ்வேர்டோடு ஆடிட்டர் ஆபீஸ் டிராயரிலேயே விட்டுவிட்டு வரும் வியாபாரிகள் ஏராளம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டு கொடுத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்று சட்டத்தின் பிரிவு 42 நேராகவே சொல்கிறது. தயவுசெய்து போய் வாங்கி வந்துவிடுங்கள்.

சரி, மெட்டாமாஸ்க் போன்ற கிரிப்டோ வாலட் என்ன செய்கிறது? அதுவும் ஒரு சாவி ஜோடியைத்தான் உருவாக்குகிறது. கையெழுத்துக் கணக்கும் அடிப்படையில் இதே வகைதான். ஆனால் பெயர் கேட்பதில்லை, வயது கேட்பதில்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. கணக்கு அதேதான், கூட நின்று “இவர் இன்னார்” என்று சொல்கிற ஆள்தான் இல்லை.

சுருக்கமாக: கணினிக் கையெழுத்து ‘எது மாறவில்லை’ என்பதைச் சொல்கிறது. ‘யார்’ என்பதைச் சான்றிதழ் சொல்கிறது. வாலட் கையெழுத்தில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை.

பிளாக்செயின் என்ன கூட்டுகிறது?

பத்துப் பேர் சேர்ந்து சீட்டு நடத்துகிறீர்கள். வழக்கமாகக் கணக்கு நோட்டு ஒருவரிடம் இருக்கும், அவர் நாணயத்தை நம்பி மற்றவர்கள் இருப்பார்கள். அதற்குப் பதில் பத்துப் பேரிடமும் ஆளுக்கொரு நோட்டு. யார் பணம் கட்டினாலும் எல்லோரும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் ஹாஷை எழுதிவிட்டுத்தான் புதுப் பக்கம் தொடங்குகிறார்கள். இப்போது ஒருவர் மூன்றாம் பக்கத்தில் ஒரு தொகையைத் திருத்தினால், அந்தப் பக்கத்தின் ஹாஷ் மாறும், நாலாம் பக்கத்தின் தலைப்போடு பொருந்தாது. அதையும் திருத்தினால் ஐந்தாம் பக்கம் இடிக்கும். கடைசிப் பக்கம்வரை திருத்தினாலும் மற்ற ஒன்பது நோட்டுகளோடு ஒத்துப்போகாது. பிளாக்செயின் என்பது இந்த நோட்டுதான்: பலரிடம் ஒரே நேரத்தில் இருக்கிற, பக்கத்தோடு பக்கம் பூட்டப்பட்ட பேரேடு.

ஆகவே ஒரு ஒப்பந்தத்தின் ஹாஷ் அதில் ஏறியிருந்தால், அந்தத் தேதியில் அந்த ஆவணம் இருந்தது, அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் மாறவில்லை என்று மிக வலுவாகக் காட்டலாம். படியோலையை எத்தனை பேர் கிழித்தாலும் கவலை இல்லை.

மாற்றவே முடியாது என்பதைக்கூடக் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ‘தி டிஏஓ’ என்ற பொது நிதியின் நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தர் நாணயங்களை யாரோ உருவிக்கொண்டார்கள். அடுத்த மாதமே பயனர்களில் பெரும்பான்மையோர் ஒன்றுகூடி அந்தப் பரிமாற்றம் இல்லாதது போன்ற ஒரு பாதைக்கு மாறிவிட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய பாதையிலேயே தொடர்ந்தார்கள். அதுதான் எத்தீரியம் கிளாசிக். சீட்டு நோட்டு வைத்திருக்கிற பெரும்பாலோர் ஒன்றுசேர்ந்தால் புது நோட்டுப் போட முடியும்.

நம் மாநிலத்தில் இருக்கும் உதாரணம் எனக்குப் பிடித்தமானது. தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயினுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. மாநில மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் ஒரு பிளாக்செயின் தளத்தை நடத்துகிறது. இ-பெட்டகம் செயலியில் நாம் வைத்துக்கொள்ளும் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருப்பது அதுதான். சாதிச் சான்றிதழுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அதைக் கொடுத்த தாசில்தாரிடம் இருந்து. பிளாக்செயின் செய்வது, கொடுத்த பிறகு யாரும் அதில் கைவைக்கவில்லை என்று காட்டுவது. எது எதன் வேலை என்பது இங்கே சரியாகப் பிரிந்திருக்கிறது.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட்: பெயர் ஏமாற்றும்

ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடையை அச்சடித்த அட்டை விழுமே, அந்த மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். காசு விழுந்தால் அட்டை, இல்லாவிட்டால் இல்லை. நடுவில் ஆள் கிடையாது. இந்த எண்ணத்தை 1990களில் முன்வைத்த நிக் சாபோ காட்டிய உதாரணமும் காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம்தான். பிளாக்செயினில் வைக்கப்பட்டு, நிபந்தனை நிறைவேறியதும் தானே பணத்தையோ உரிமையையோ நகர்த்தும் நிரலுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர்.

பெயரில் கான்ட்ராக்ட் இருப்பதால் அதுவே சட்டப்படியான ஒப்பந்தம் என்று நினைக்கிறார்கள். இயந்திரம் நிறைவேற்றும் பகுதி அது. ஒப்பந்தம் என்பது அதற்குப் பின்னால் இருவருக்கும் இருந்த புரிதல். பதினாறு வயதுப் பையன் வாலட்டில் கையெழுத்துப் போட்டாலும் நிரல் ஓடும், பணம் நகரும். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின்படி அது செல்லாத ஒப்பந்தம். நிரல் ஓடியது என்பதற்காகச் செல்லாதது செல்லுபடி ஆகிவிடாது.

நிரல் தப்பாக ஓடினால் நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்குச் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் கொடுத்த ஒரு தீர்ப்பு உதவும். குவாய்ன் என்ற கிரிப்டோ சந்தைக்கும் பி2சி2 என்ற வர்த்தக நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. 2017இல் சந்தையின் மென்பொருள் கோளாறால், பி2சி2வின் தானியங்கி நிரல் சந்தை விலையைப் போல ஏறத்தாழ 250 மடங்கு விலைக்கு ஈத்தரை விற்றுவிட்டது. பி2சி2வைக் கேட்காமலே சந்தை அந்த வியாபாரங்களைத் திருப்பிப் போட்டது. இயந்திரங்கள் தங்களுக்குள் செய்த வியாபாரத்தில் ‘தெரிந்தே தவறைப் பயன்படுத்திக்கொண்டார்கள்’ என்பதை எப்படி அளப்பது? நிரலை எழுதியவருக்கு, எழுதிய நேரத்திலிருந்து வியாபாரம் நடந்தவரை என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். திருப்பிப் போட்டது ஒப்பந்த மீறல் என்று முடித்தது. இது பிளாக்செயினில் ஓடிய ஒப்பந்தம் அல்ல, ஒரு சந்தைத் தளத்தில் நடந்தது. ஆனால் நீதிமன்றம் கையில் எடுத்தது வழக்கமான ஒப்பந்தச் சட்டத்தைத்தான். நிரலுக்கென்று தனிச் சட்டம் தேடவில்லை. அதன் பார்வை, நிரலைத் தாண்டி மனிதர்களிடம் போனது.

இந்தியச் சட்டத்தில் எங்கே இடிக்கிறது

இனி முக்கியமான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் ‘மின்கையெழுத்து’ என்ற சொல்லைத் தன் கணக்கில் ஒரு குறுகிய பொருளில் பயன்படுத்துகிறது. பிரிவு 3இல் வரும் சாவி ஜோடி முறை ஒன்று, நடைமுறையில் அது உரிமம் பெற்ற அமைப்பின் சான்றிதழோடு வருவது. பிரிவு 3ஏ வேறு முறைகளுக்கும் இடம் தருகிறது, ஆனால் அவை நம்பகமானவையாக இருப்பதோடு சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் குறிப்பிடப்பட வேண்டும். ஆதார் இ-சைன் அப்படி நுழைந்ததுதான். கையெழுத்திட்டவரோடு மட்டும் இணைந்திருப்பது, அவர் கட்டுப்பாட்டில் இருப்பது, பின்னால் மாற்றினால் தெரிந்துவிடுவது என்று நம்பகத்தன்மைக்கு வைத்த நிபந்தனைகள் பலவற்றை வாலட் கையெழுத்து தொழில்நுட்ப அளவில் பூர்த்தி செய்துவிடும். ஆனாலும் சான்றிதழும் இல்லை, அட்டவணையிலும் இல்லை.

இதனால் என்ன நட்டம்? ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தே தேவையில்லாத இடங்களில் பெரிய நட்டம் இல்லை. கோவையில் இருக்கும் ஒரு டிசைனர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மாதம் இத்தனை லோகோ வரைந்து தருவதாக வாலட்டில் ஒப்புக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒப்பந்தம்தான். வெள்ளையடிப்பவரிடம் பேசியதைப் போல, நிரூபிக்க வேண்டும், அவ்வளவே.

அதே டிசைனர் தன் ஓவியம் ஒன்றை என்எஃப்டியாக, அதாவது பிளாக்செயினில் பதிந்த தனி டோக்கனாக விற்று, “காப்புரிமையும் உங்களுக்கே” என்று எழுதி வாலட்டில் கையெழுத்துப் போட்டால் கதை மாறுகிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிரிவு 19, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்கிறது. ஒரு சட்டம் கையெழுத்து கேட்கும் இடத்தில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 5 சொல்லும் மின்கையெழுத்தை வைத்தால்தான் அந்தத் தேவை தீர்ந்ததாக உறுதியாகச் சொல்லலாம். வாலட் கையெழுத்தை மட்டும் நம்பி வாங்கியவர், காப்புரிமை தன்னிடம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டி-ஷர்ட் அச்சடித்தால் சிக்கலில் மாட்ட வாய்ப்பு இருக்கிறது. கையில் இருப்பது டோக்கன். உரிமை இன்னும் வரைந்தவரிடமே இருக்கலாம்.

மூன்றாவதாக, எந்த மின்கையெழுத்தும் எடுபடாத இடங்கள். முதல் அட்டவணை உயில், அறக்கட்டளை போன்றவற்றை இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. பவர் பத்திரமும் பிராமிசரி நோட்டும் பொதுவாக வெளியேதான். ரிசர்வ் வங்கி போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வரும் நிறுவனங்களுக்காக மட்டும் 2022இல் ஒரு கதவைத் திறந்தார்கள். நிலம், வீடு விற்பனை ஒப்பந்தத்தை அந்தப் பட்டியலில் இருந்து அதே ஆண்டு எடுத்துவிட்டார்கள். ஆனால் கிரையம் முடிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. பிளாக்செயினில் வீட்டை வாங்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால், பத்திர எண் என்ன என்று கேளுங்கள்.

அண்டை அயலில்? இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் மின்னணு ஒப்பந்தங்களை ஏற்கிறது, மரண சாசனம் (உயில்), அற்றோணித் தத்துவம் (பவர் பத்திரம்) போன்றவற்றை வெளியே வைக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2017இல் பிளாக்செயின் வழியாகப் பாதுகாக்கப்பட்ட கையெழுத்தும் மின்கையெழுத்தே என்று சட்டத்தில் எழுதிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தகுதி பெற்ற மின்னணுப் பேரேடுகளுக்கு ஒரு சலுகை கொடுத்தது: அவற்றில் இருக்கும் தரவின் கால வரிசையும் மாறாத்தன்மையும் சரி என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கவனியுங்கள், வரிசையும் மாறாத்தன்மையும்தான். ஆள் யார் என்பதை அங்கேயும் பேரேட்டின் தலையில் கட்டவில்லை.

வழக்கு என்று வந்துவிட்டால்

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பின் மின்கையெழுத்தும் உள்ள மின்னணு ஒப்பந்தத்தை, அது அப்படித்தான் செய்யப்பட்டது என்று நீதிமன்றம் தானே அனுமானித்துக்கொள்ளும். மறுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். டிஎஸ்சி, இ-சைன் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பெரிய பலம் இது. வாலட் கையெழுத்துக்கு அந்த அனுமானத்தைக் கேட்டு நிற்பது கடினம். “இந்த முகவரி அவருடையதுதான்” என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் விழும்.

முடியாத காரியம் இல்லை. சுந்தரர் வழக்கில் சபையார் கிழவரிடம் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொன்னார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது நடந்துவந்த வழக்கம், எழுத்து, பிறர் சாட்சி. இன்றைக்கும் தேட வேண்டிய இடங்கள் இவையே. அந்த முகவரியிலிருந்து முன்பு மூன்று மாதம் உங்களுக்குப் பணம் வந்திருக்கிறதா? அது ஆட்சி. “என் வாலட் முகவரி இது” என்று அவர் அனுப்பிய மின்னஞ்சல் இருக்கிறதா? அது ஆவணம். அந்த முகவரிக்குப் பணம் போனது ஓர் இந்தியக் கிரிப்டோ சந்தையில் இருந்து என்றால், 2023 மார்ச் முதல் அந்தச் சந்தைகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து வைக்கக் கடமைப்பட்டவை. நீதிமன்றம் கேட்டால் சொல்லியாக வேண்டும். அது அயலார் காட்சி.

இன்னொரு படி பலருக்குத் தெரியாது. கணினிப் பதிவின் அச்சுப்படியையோ நகலையோ சான்றாகக் கொடுக்கும்போது, புதிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் கூட வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று பேர்போன பிரிவு இதுதான். அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. புதிய படிவத்தில் இரண்டு பகுதிகள்: ஒன்று கணினிக்குப் பொறுப்பானவர் கொடுப்பது, மற்றது நிபுணர் கொடுப்பது. இரண்டிலும் கோப்பின் ஹாஷை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பிளாக்செயினில் ஏற்றிய ஹாஷும் படிவத்தில் எழுதும் ஹாஷும் ஒன்றாக இருந்தால், கோப்பு மாறியிருக்கலாம் என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எடுப்பது ரொம்பக் கஷ்டம். பிளாக்செயின் இங்கே உண்மையிலேயே கைகொடுக்கிறது.

பட்டனை அழுத்தும் முன்

வாலட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், எப்போது, சண்டை வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் கோர்ட் என்று மனிதர்கள் படிக்கிற மொழியில் ஒரு பிடிஎஃப் எழுதி, அதில் இ-சைனோ டிஎஸ்சியோ போடுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு இவை இருக்காது. அவர் தன் நாட்டு முறைப்படி போடட்டும், கூடவே தன் அலுவலக மின்னஞ்சலில் இருந்து ஒப்புதல் அனுப்பட்டும். அந்த பிடிஎஃப்பின் ஹாஷைப் பிளாக்செயின் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டுவிடும். நிரலும் எழுத்தும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதற்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத்தே மேலோங்கட்டும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் நிரலைப் படித்துப் பார்த்துச் சம்மதித்தேன் என்று நம்மில் பெரும்பாலோரால் மனசாட்சியோடு சொல்ல முடியாது.

ஸ்டாம்ப் வரியை மறக்க வேண்டாம். வரி கட்ட வேண்டிய ஆவணத்துக்குக் கட்டாமல் விட்டால், பாக்கியையும் அபராதத்தையும் கட்டும்வரை அது சான்றாக ஏற்கப்படாது. தொகை பெரிதென்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. டிஎஸ்சி தொலைந்தால் சான்றளித்த அமைப்பிடம் சொல்லி ரத்து செய்யலாம், ரத்தான நேரம் பதிவாகும். வாலட் சாவி திருடுபோனால் யாரிடம் சொல்வது? யாரும் இல்லை. திருடன் போடும் கையெழுத்தும் கணக்குப்படி சரியான கையெழுத்துதான். அதனால் பிடிஎஃப்பில் இரண்டு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்: “இந்த வாலட் முகவரி என்னுடையது. இது என் கையை விட்டுப் போனால் இன்ன மின்னஞ்சலுக்கு எழுதுவேன், எழுதிய நேரத்துக்குப் பிறகு இதிலிருந்து வரும் எதுவும் என்னைக் கட்டுப்படுத்தாது.” எதிர்த்தரப்பும் இதையே தன் முகவரிக்கு எழுதித் தரட்டும்.